யாருடைய பணத்தில் கட்டுகிறோம்?

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டும் குடும்பத்தவர் நகையை அடகு வைப்பர். சீட்டுப் பணம் எடுப்பர். கைப்பணம் முடிந்தால் வேலையை இடையில் நிறுத்துவர். கணக்குப் பிழைத்தால் நட்டம் அவர்களுக்கே. ஆனால் அரசாங்கம் கட்டும்போது தீர்மானிப்பவர் ஒருவர், பணம் செலுத்துபவர் வேறொருவர். இன்னும் பிறவாத பிள்ளைகளும் அக்கடனுக்குப் பொறுப்பாளிகளாகின்றனர். அவ்வாறாயின், பிறர் பணத்தில் கட்டும் உரிமைக்கு எல்லை எது?

தனியார் இலாபம் கிடைக்கும் இடத்திலேயே முதலிடுவர். கொழும்புக் கடற்கரையோரம் மாடிக் கட்டடங்களை எழுப்புவோர், தோட்டத்து லயன் அறைகளுக்குப் பதிலாக வீடு கட்டவோ, குக்கிராமத்துக்குப் பாலம் அமைக்கவோ முன்வருவதில்லை. அவ்விடத்தை நிரப்புவது அரசின் கடமை. அதற்காகக் கடன் வாங்குவதும் தவறன்று. ஜப்பானினதும் ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் கடனுதவியுடன் அமைத்து 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையால் நாள்தோறும் மக்கள் பயன்பெறுகின்றனர். நாளை கடன் அடைப்பவர்களும் அதில் பயணஞ் செய்வர்.

மத்தள விமான நிலையத்தின் கதை வேறு. சீனக் கடனில் அமைத்து 2013 இல் திறக்கப்பட்ட அந்நிலையம் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளை எதிர்பார்த்தது. அதில் ஒரு சிறு பங்கினரே வந்தனர். அக்கடனை அடைப்பவர் யார்? விமானத்தில் ஏறியறியாத தேயிலைத் தொழிலாளியும் தான் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியாலும் அதனை அடைக்கிறாள்.

வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நாடு 2022 ஏப்ரலில் இடைநிறுத்தியது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் எளிதில் குறைக்க முடியாது; ஆகவே வெட்டு முதலில் விழுந்தது நிர்மாண வேலைகள் மீதே. 2021 இல் ஆயிரம் ரூபாவளவில் விற்ற சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. தனியாரும் கைவிரித்தனர். அவ்வாண்டில் நிர்மாணத்துறை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சுருங்கியது. கட்டி முடித்த கோபுரங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அரைகுறையாக நின்றவை ஏழைகளின் வீடுகள். வேலையிழந்தவர்கள் மேசன்மாரும் கூலியாட்களும்.

பெருங்கட்டடங்கள் நாட்டுக்குப் பெருமை தருகின்றனவே என்பர் சிலர். பெருமையும் வேண்டியதே. எனினும் அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதே நீதியின் கேள்வி. உள்ளவர் கொடுத்து இல்லாதவர் வீடு பெற்றால் அது நீதி. இல்லாதவர் கொடுத்து வேறொருவர் புகழ் பெற்றால், சட்டம் அனுமதித்தாலும் அது அநீதியே.

திறப்பு விழாக் கல்லில் வரி செலுத்துவோரின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. ஆகவே தேர்தல் மேடையில் புதிய கட்டடம் வாக்களிக்கப்படும்போது கைதட்டுமுன், "இதனைப் பயன்படுத்துவோர் யார், பணம் கொடுப்போர் யார், பின்னர் பராமரிப்போர் யார்?" என்று கேட்பது நம் ஒவ்வொருவரின் கடமை. அத்திவாரம் இட்ட பின் கேட்பதில் பயனில்லை.