ஃபாஸ்பைண்டரை முழுதாகப் பார்த்தல்

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பைண்டர் 1945 மே 31 அன்று பிறந்தார். 1982 ஜூன் 10 அன்று, 37 வயதில், மியூனிக்கில் இறந்தார். முதல் முழுநீளப் படம் வந்த 1969இலிருந்து இறக்கும்வரையான 13 ஆண்டுகளில், தொலைக்காட்சிக்குச் செய்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 40 படங்கள் எடுத்தார். அவற்றில் நல்லதாக நாலைப் பார்த்துவிட்டு மேதை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் பார்ப்பது, ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது மாதிரி. பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்கிற வசதி அதில் இல்லை.

தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு போன்ற ஊரில் இருப்பவருக்கு ஒரு காலத்தில் இந்த நினைப்பே வந்திருக்காது. ஜெர்மன் படம் பார்க்கச் சென்னை மாக்ஸ் முல்லர் பவனுக்கோ ஏதாவதொரு திரைப்படச் சங்கத்துக்கோ ராத்திரி பஸ் ஏற வேண்டும். இன்றைக்குக் கைப்பேசியிலேயே, ஆங்கில வசனவரிகளோடு, கணிசமானவற்றைப் பார்த்துவிடலாம். கைக்கு எட்டிவிட்டதே தவிர, படங்கள் எளிதாகிவிடவில்லை.

தொடக்கப் படங்கள் பார்ப்பவரை வரவேற்பதில்லை. முதல் படம் 1969 பெர்லின் விழாவில் கூச்சலையும் ஏளனத்தையும்தான் வாங்கியது. அதே ஆண்டின் ‘காட்ஸெல்மாஹர்’ படத்தில் வேலைவெட்டியில்லாத இளைஞர்கள் குடியிருப்பு வாசலில் கம்பித் தடுப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கேமரா அசையாது, ஆட்களும் அப்படி ஒன்றும் அசைவதில்லை. கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவன் அங்கே குடிவருகிறான். அவனைப் பற்றிப் புரளி கிளம்புகிறது, பிறகு அடி விழுகிறது. அந்த வெளியூர்க்காரனாக நடித்தவர் ஃபாஸ்பைண்டரே.

திருப்பம் 1971ஐ ஒட்டி வருகிறது. ஹாலிவுட்டில் கண்ணீர்ப் படங்கள் எடுத்த டக்ளஸ் சர்க்கின் படைப்புகளைப் பார்த்தபின், அழவைக்கிற கதை ஒன்றும் தாழ்ந்த சரக்கல்ல என்று ஃபாஸ்பைண்டர் தெளிந்தார். அந்தத் தெளிவில் வந்ததுதான் 1974இன் ‘அச்சம் ஆன்மாவைத் தின்னும்’. எம்மி வயதான துப்புரவுத் தொழிலாளி, கணவனை இழந்தவர். மொராக்கோவிலிருந்து கூலிவேலைக்கு வந்த அலியை அவர் மணந்துகொள்கிறார். செய்தியைக் கேட்ட மகன் எழுந்துபோய்த் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைத்து உடைக்கிறான். மளிகைக்கடைக்காரர் அலி பேசுகிற ஜெர்மன் புரியாதது போல நடிக்கிறார். கொஞ்ச நாளில் எல்லாரும் தணிந்துவிடுகிறார்கள், மனம் மாறி அல்ல. மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உடைத்த பெட்டிக்குக் காசோலையோடு வருகிறான். கடைக்காரருக்கு வியாபாரம் போய்விடக் கூடாது.

இதோடு நின்றிருந்தால் நல்லெண்ணப் படம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் இறங்கி வந்ததும் எம்மியே மாறுகிறார். கூட வேலை செய்கிற பெண்களிடம் அலியின் கைத்தசையைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். அவன் ஊர்ச் சாப்பாடான கூஸ்கூஸைச் சமைத்துத்தர மறுக்கிறார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த யூகோஸ்லாவியப் பெண்ணை மற்றவர்கள் ஒதுக்கும்போது தானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். தள்ளப்பட்டவர் அடுத்தவரைத் தள்ளுகிறார்.

தேனி மாவட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறிக் கேரளத்தின் இடுக்கிக்குப் போகிறவர்களின் பூமி இது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது, அங்கே உழைத்துக்கொண்டிருந்த தமிழர்கள் பயந்து மலையிறங்கி வந்தார்கள். அந்த மலைப்பாட்டை லெனின் பாரதி ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் (2018) எடுத்துக் காட்டியிருக்கிறார். இதே மாவட்டத்துக்கு வடக்கேயிருந்து கூலிக்கு வருகிறவரின் அரைகுறைத் தமிழை டீக்கடை எப்படிக் கேட்கிறது என்பதை இன்னும் ஒரு படமும் பொருட்படுத்தி எடுத்ததாகத் தெரியவில்லை.

வரிசையாகப் பார்ப்பவருக்கு மட்டும் கிடைக்கிற விஷயங்கள் உண்டு. அவற்றில் முதலாவது முகங்கள். இர்ம் ஹெர்மான் அலுவலகச் செயலாளராக இருந்துவிட்டு நடிக்க வந்தவர். ‘நான்கு பருவ வியாபாரி’யில் தள்ளுவண்டியில் பழம் விற்பவனின் மனைவி, ‘பெட்ரா ஃபான் கான்டின் கசந்த கண்ணீர்’ படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஊழியக்காரி, எம்மிக்கு மகள். ஒரு படத்தில் மிதிபடுகிற முகம் அடுத்ததில் மிதிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் நல்ல நடிகை என்பதோடு விட்டுவிடுவோம்.

ஃபிரான்ஸ் என்ற பெயரும் அப்படித்தான். முதல் படத்தில் ஃபாஸ்பைண்டரே ஏற்ற பாத்திரத்துக்கு அந்தப் பெயர். படத்தொகுப்பாளராகப் போட்டுக்கொண்ட புனைபெயர் ஃபிரான்ஸ் வால்ஷ். 1975இல் வந்த படத்தில் லாட்டரியில் பரிசு விழுந்து, காதலனிடமே அதைப் பறிகொடுக்கிறவன் ஃபிரான்ஸ் பீபர்காஃப். ஆல்ஃபிரட் டூப்ளின் 1929இல் எழுதிய ‘பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்’ நாவலின் நாயகன் பெயர் அது. பதின்வயதில் படித்த அந்த நாவலை 1980இல் 14 பகுதிகளாக, 15 மணி நேரத்துக்கும் மேலாக ஃபாஸ்பைண்டர் எடுத்து முடித்தார். இதை ஒரே மூச்சில் பார்ப்பது வீம்பு. ராத்திரிக்கு ஒரு பகுதி போதும்.

இன்னொன்றும் தெரியவருகிறது, அது உவப்பானதல்ல. அன்பின் பெயரால் நடக்கும் சுரண்டலை இவ்வளவு துல்லியமாகக் கண்டவர், தன்னோடு இருந்தவர்களை அப்படியே நடத்தினார். அலியாக நடித்த எல் ஹெதி பென் சலேம் அவருடைய காதலராக இருந்து, பிரிந்து, பிரான்ஸில் ஒரு சிறையில் உயிரை விட்டவர். இன்னொரு காதலரான ஆர்மின் மையர் 1978இல் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துக்கத்திலிருந்து அதே ஆண்டு ‘பதின்மூன்று நிலவுகளின் ஆண்டில்’ வந்தது. கலையையும் வாழ்க்கையையும் வேறு வேறு கணக்கில் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. முழுவதையும் பார்த்தவருக்கு அந்தப் பிரிப்பு வசதிப்படாது. எம்மியைப் பற்றிப் படம் சொன்னது, எடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

சுமாரான படங்களும் இருக்கின்றன. 1971இன் ‘வைட்டி’யைப் பொறுமை உள்ளவர் மட்டும் பார்க்கலாம். கடைசிப் படமான ‘க்வெரல்’ அவர் இறந்தபிறகுதான் திரைக்கு வந்தது. பென் சலேமுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. முத்தாய்ப்பாக அதை அவர் எண்ணியிருக்க வழியில்லை: சாகும்போது ரோசா லக்சம்பர்க் பற்றிய படத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. ரோசாவின் கதையை 1986இல் திரைக்குக் கொண்டுவந்தவர் மார்கரெதே ஃபான் ட்ரோட்டா; ஃபாஸ்பைண்டரின் ஆரம்பகாலப் படங்களில் நடித்தவர்.