ஆடு ஏன் நின்றது?

சேலம் மாவட்டத்து மேச்சேரிப் பக்கம், மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலத்தில், முப்பது ஆடுகளை வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. மேச்சேரி ஆட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: அதற்குக் கம்பளி மயிர் கிடையாது. மெல்லிய உடம்பு, செம்பழுப்பு நிறம், நீண்ட கால்கள். மாலை வெயிலில் வேலியோரம் தலை தூக்கி நிற்கையில், மானோ என்று வழிப்போக்கர் ஒரு கணம் மயங்குவதுண்டு. அதன் தோலுக்குத் தோல் வணிகத்தில் தனி மதிப்பு. இந்த இனத்திற்கென்றே அருகிலுள்ள பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

தோற்றத்தில் மட்டுமன்று, அச்சத்திலும் அது மானுக்கு உறவு. பட்டியில் வைத்து அதைப் பிடிப்பது எளிதன்று. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடும் நாள், குடற்புழு நீக்க மருந்து ஊற்றும் நாள் என்றால், எங்கள் வீட்டில் அது போர் நாள். நான்கு பேர் பட்டிக்குள் இறங்குவோம். ஓடுவதை விரட்டுவோம், பின்னங்காலைப் பற்றி இழுப்போம், தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவோம். புழுதியும் கூச்சலும் அடங்கும்போது ஊசி போட்டாகியிருக்கும். ‘வேலை முடிந்தது’ என்று கை கழுவுவோம்.

அப்படி ஒரு நாளில், நிறைசினையாயிருந்த ஆடு ஒன்று பட்டி வாயில் முரண்டு பிடித்து நின்றது. கோபத்தில் கோலால் அடித்தோம், நெட்டித் தள்ளினோம். அது கீழே விழுந்து எழுந்தது. மறுநாள் விடியலில் இரண்டு குட்டிகளை உயிரற்றவையாக ஈன்றது. அவற்றை அது நெடுநேரம் நக்கிக்கொண்டே நின்றது. அதன் நலத்திற்காகத்தானே ஊசி போட்டோம்? அந்தக் கேள்வி அன்று எங்கள் வாயை அடைத்துவிட்டது. நல்ல நோக்கம் ஒன்று இருந்துவிட்டால் கைகள் என்ன செய்தாலும் கணக்கில்லை என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தின் விலையை அந்த ஆடு கொடுத்தது.

அதன் பிறகுதான் வழி ஒன்று கட்ட நினைத்தோம். கடையில் வாங்க எதுவும் இல்லை; வாங்கக் காசும் இல்லை. வீட்டில் கிடந்த மூங்கில் படல்களையும், பழைய பனை வாரைகளையும், கிளுவைக் கம்புகளையும் கொண்டு தமையனார் கட்டினார். அகன்ற வாய், அது மெல்லக் குறுகி, ஒன்றரை அடி அகலமும் பதினைந்து அடி நீளமும் கொண்ட ஒரு சந்தாக முடியும். அதில் ஆடு ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும், திரும்ப முடியாது. பக்கங்களில் மூன்றடி உயரத்திற்குத் தென்னங்கீற்று வைத்து அடைத்தோம். வெளியே நிற்கும் மனிதர் தெரியாவிட்டால் ஆடு மிரளாது. முன்னே போகும் தன் இனம் தெரிந்தால் தானே பின்தொடரும் என்பது கணக்கு.

முதல் நாள், பாதிச் சந்து வரை ஒழுங்காக வந்த ஆடுகள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. முன்னதாக வந்தது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது, பின்னவை நெருக்கின. பழைய பழக்கத்தில் கை கோலுக்குப் போயிற்று. அப்போது தாயார் சொன்னது: “கண்ணு, அடிக்காதீங்க. அது எதையோ பாத்திருக்குது. நீங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

குனிந்தோம். ஆட்டின் கண் மட்டத்திலிருந்து பார்த்தபோது, சந்தின் முடிவில் வேப்பங்கிளையில் எங்கள் துண்டு ஒன்று தொங்கி, காற்றில் அசைந்துகொண்டிருந்தது. வேர்க்கிறதே என்று நாங்களே கழற்றிப் போட்டது. துண்டை எடுத்ததும் ஆடுகள் தாமாக நடந்தன.

குறுகிய வழியில் ஒரு விலங்கு நின்றதையும், அது ஏன் நின்றது என்று அறியாமல் மனிதன் அடித்ததையும் திருவிவிலியம் நமக்குச் சொல்லியிருக்கிறது. எண்ணிக்கை நூலின் 22ஆம் அதிகாரத்தில் வரும் பிலயாம், காட்சி காண்பதையே தொழிலாகக் கொண்டவன். அவன் ஏறிச் சென்ற கழுதைதான் வழியில் வாளேந்தி நின்ற ஆண்டவரின் தூதரைக் கண்டது. முதல்முறை வயலுக்குள் விலகிற்று. இரண்டாம் முறை, திராட்சைத் தோட்டங்களுக்கிடையே இருபுறமும் சுவர் எழுந்த வழியில், சுவரோடு ஒட்டி அவன் காலை நெருக்கிற்று. மூன்றாம் முறை, விலக இடமே இல்லாத இடுக்கில் படுத்துவிட்டது. மூன்று முறையும் அவன் அடித்தான். பின்னர் அவன் கண் திறக்கப்பட்டபோது அவன் அறிந்தது என்ன? கழுதை மறுத்ததால்தான் தன் உயிர் பிழைத்தது என்பதை. இந்தப் பகுதியை நாம் பெரும்பாலும் பேசும் கழுதையின் அதிசயமாகவே படித்துவிட்டுக் கடக்கிறோம். அது பேசுவதற்கு முன்பே மூன்று முறை தன் உடம்பால் பேசிவிட்டது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

எங்கள் தாயார் பட்டறிவால் சொன்னதை அமெரிக்க விலங்கு அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் வாழ்நாள் ஆய்வாகச் செய்தவர். 1947இல் பிறந்த அவர் ஆட்டிசம் உடையவர். மாடுகள் ஏன் வழியில் நின்றுவிடுகின்றன என்று அறிய, அவை நடக்கும் சந்துக்குள் தாமே இறங்கி, அவற்றின் கண் மட்டத்தில் நின்று பார்த்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், தேங்கிய நீரின் பளபளப்பு, வேலிமேல் கிடக்கும் சட்டை ஆகியவையே அவர் கண்ட காரணங்கள். முதலாளிகள் அதைப் பிடிவாதம் என்றனர். அவர் அதைப் பார்வை என்றார்.

மான்களிடத்தில் இந்தப் பாடம் இன்னும் கடுமையானது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், புள்ளிமானைப் பண்ணையில் வளர்க்க இயலாது. சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கண்டு மகிழலாம், அவ்வளவே. ஆனால் நியூசிலாந்தில், வேட்டைக்கென ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட செம்மான்கள் பெருகிக் காடுகளை அழிக்கவே, 1970களில் அவற்றை உயிரோடு பிடித்துப் பண்ணைகளில் வளர்க்கும் தொழில் பரவிற்று. ஆட்டையும் மாட்டையும் மட்டுமே கையாண்டு பழகிய விவசாயிகளுக்கு மான் புதிது. விரட்டிப் பிடித்தால், பிடிபட்ட மான் அச்சத்தின் மிகுதியால் தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ இறந்துபோவதுண்டு. ஆகவே அவர்கள் தம் கையாலேயே மரப்பலகைகளால் உயர்ந்த அடைப்புகளைக் கட்டிப் பார்த்துக் கற்றனர்: இடுக்கு தெரியாத சுவராயிருந்தால் மான் அதில் மோதாது, வெளிச்சம் குறைந்த அறையில் அது அடங்கி நிற்கும், ஆரவாரம் கூடாது. ஆட்டை அடித்துத் தப்பிவிடலாம். மானிடத்தில் வன்முறைக்கான தண்டனை உடனே வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நம் மனச்சான்று ஒரு கேள்வி கேட்கிறது. அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது. அமைதியாக நடத்திச் செல்லும் வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது? தடுப்பூசிக்கு நடந்த அதே சந்தில்தான், சந்தைக்கு விற்ற ஆடுகளையும் நடத்தி வண்டியில் ஏற்றினோம். கிராண்டின் வடிவமைத்த வழிகளுள் பல இறைச்சிக்கூடத்தில் முடிபவை. அப்படியானால் இந்த மென்மை ஓர் ஏமாற்றுத்தானா? அச்சமின்றிச் சாகச் செய்வது அன்பாகுமா?

1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்கிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் கற்பிக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல், உலகை ஆளும் பொறுப்பு எதேச்சதிகாரத்திற்கான உரிமம் அன்று என்று தெளிவுறுத்துகிறது. இவை நமக்கு எல்லை காட்டுகின்றன. ஆயினும் சந்தை நாளன்று எங்கள் தாயார் பட்டிப் பக்கம் வந்ததே இல்லை. அந்தக் கடனை எந்த மென்மையும் தீர்த்துவிடாது என்று அவர் அறிந்திருந்தார் போலும். மென்மை அக்கடனைப் பெருக்காமல் காக்கும், அவ்வளவே. நல்ல வழி கட்டிவிட்டோம் என்ற நிறைவில் கடனையே மறந்துவிடுவோமாயின், அந்த வழி நம்மையும் ஏமாற்றிவிட்டது என்றே பொருள்.

இதே சமவெளியில் நாமக்கல் இருக்கிறது. நாட்டிற்கே முட்டை தரும் ஊர். நம் பங்கு மக்களில் பலருக்கு அதுவே சோறு. அங்கே கோழிகள் வரிசை வரிசையான கம்பிக் கூண்டுகளில் சிறகு விரிக்க இடமின்றி வாழ்கின்றன. முட்டைக் கோழிகளின் இருப்பிடம் குறித்து, இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையை அளிக்கும் அளவுக்கு அது நாட்டின் கேள்வியாயிற்று. வங்கிக் கடனில் கொட்டகை போட்டவர் மீது குற்றம் சுமத்த எமக்குத் தகுதியில்லை. ஆனால் எங்கள் சந்துக்கும் அந்தக் கூண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லலாம். சந்தில் ஆடு நிற்கலாம். நின்று, நம்மைக் குனிய வைக்கலாம். கூண்டில் கோழிக்கு நிற்பதும் நடப்பதும் ஒன்றே. மறுப்பதற்கு அதனிடம் எந்த அசைவும் விடப்படவில்லை. மறுக்க முடியாத உயிரிடமிருந்து நாம் எதையும் கற்க முடியாது. கூண்டு அமைதியாக இருக்கிறது என்பதால் அது நலமாக இருக்கிறது என்றாகிவிடாது.

விலங்குகளை விட்டு வீட்டிற்குள் வருவோம். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று வாசற்படியைப் பற்றிக்கொண்டு நிற்கும் பிள்ளை. மாத்திரையைத் துப்பிவிடும் முதிய தாய். சொன்ன வேலையைச் செய்யாமல் தலை குனிந்து நிற்கும் தறிக்கூடத்துத் தொழிலாளி. இவர்களெல்லாம் நம் கைக்குள் இருப்பவர்கள். நாம் அவர்களுக்கு நல்லதுதான் நினைக்கிறோம், அதில் ஐயமில்லை. அதனாலேயே அவர்கள் நிற்பது நமக்குப் பிடிவாதமாகத் தெரிகிறது. எத்தனை முறை அடித்திருக்கிறோம், கோலால் இல்லாவிட்டாலும் சொல்லால்! அவர்கள் எதைப் பார்த்து நின்றார்கள் என்று எத்தனை முறை குனிந்து பார்த்தோம்?

அதிகாரம் இல்லாத வாழ்க்கை எவருக்கும் இல்லை. தந்தைக்கு உண்டு, ஆசிரியைக்கு உண்டு, பங்குப்பணியாளருக்கும் உண்டு. அதைத் துறந்துவிடு என்று நம்மிடம் கேட்கப்படவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே குனியத் தெரிந்திருக்க வேண்டும். குனிகிறவர் பல வேளைகளில், வழியில் தொங்குவது தாம் கழற்றிப் போட்ட துண்டுதான் என்பதைக் காண்பார்.

இறந்து பிறந்த அந்த இரண்டு குட்டிகளையும் பட்டியின் மூலையில் புதைத்தோம். அவற்றின் தாய் அதற்குப் பின் எங்களிடம் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தது. சந்தில் நடத்தும்போதெல்லாம் அது ஒரு கணம் நின்றே நடக்கும். தடையாக அங்கே எதுவும் இராது. நாங்களும் காத்து நின்றோம். அதன் கண்ணுக்கு அன்றைய கோல் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது போலும்.