தாளில் எழுதும் சாட்சியம்

வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடக்கூடும். தாளில் எழுதிய பொய் அவ்வாறு போவதில்லை. எழுதியவனுக்கு முன்னதாகவே அது பயணப்பட்டு, அவன் சென்று இறங்கும் துறையில் அவனை எதிர்பார்த்து நிற்கின்றது. அயல்நாடு செல்வோர் ஆயத்தம் செய்துகொள்ளும் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தப் பத்திரம் ஆகியவற்றைப் பற்றி எண்ணுந்தோறும் இந்த உண்மையே என் நெஞ்சில் எழுகின்றது.

நம் சமுதாயத்தாருக்குக் கடல் கடத்தல் புதிதன்று. பயணம் என்று மட்டுமே பொருள்படும் ‘சபர்’ என்னும் சொல், நம் இல்லங்களில் பிழைப்புத் தேடிப் பிறநாடு செல்வதைக் குறிப்பதாயிற்று. அவ்வாறு சென்றவரைச் ‘சபராளி’ என்றோம். கொழும்புக்கும் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் முதல் உலகப் போருக்கு முன்னர்ச் சென்ற நம் முன்னோரில் பலர், பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கண்ணாலும் கண்டதில்லை. போர்க்காலக் கட்டுப்பாடாகப் பரவிய அந்தச் சிறு புத்தகம், 1920 ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிஸில் கூடிய மாநாட்டுக்குப் பின் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவம் பெற்று நிலைத்துவிட்டது. அன்று ஒரு மனிதனுக்கு அவனை அறிந்த மனிதர்கள் சாட்சி. இன்று அவனை அறியாத தாள் சாட்சி. ஆகவே அந்தத் தாளில் எதை எழுதுகிறோம் என்பது அலுவலகத்தைச் சார்ந்த கேள்வி மட்டுமன்று. அறத்தைச் சார்ந்த கேள்வியுமாகும்.

நான் வாழ்வது சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி வரவேண்டிய ஊர் இது. 1820களில் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் கொண்டுவந்த காப்பி, இன்றும் சில்வர் ஓக் மர நிழலில் காய்த்துப் பழுக்கின்றது. தோட்ட வேலையின் கூலி போதாதபோது இளைஞர்களின் கண் வளைகுடா நாடுகளின் பக்கம் திரும்புவது இயல்பே. பள்ளி ஆசிரியனாயிருந்து ஓய்வு பெற்ற என்னிடம் படிவம் நிரப்பித் தருமாறு பலரும் வருவதுண்டு. இன்று விண்ணப்பம் கணினி வழியே போகின்றது. சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையமும் இருக்கின்றது. எனினும், பிறருக்காகக் கணினியின் முன் அமர்பவனும் பழைய எழுத்தனே. அவன் பொறுப்பும் பழைய பொறுப்பே.

சில ஆண்டுகளுக்கு முன், மூடுபனி இறங்கிய ஒரு மாலை வேளையில், தோட்டத் தொழிலாளியான ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு வயது 24. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வளைகுடாவில் வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர், பள்ளிச் சான்றிதழை ஒளித்துவிட்டு, எழுத்தறியாதவள் என்றும் 31 வயதினள் என்றும் எழுதச் சொல்லியிருந்தார்.

“ஏழு வருஷம் கூட்டிப் போட்டா யாருக்கு என்ன பாய் நஷ்டம்? கடனை அடைச்சிட்டு ஊருக்கு வந்திடுவா” என்றாள் தாய்.

வயதைக் கூட்டச் சொன்னதன் காரணம் இது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுகளில் பெரும்பாலானவை, குடிபெயர்வுக்கு அனுமதி தேவை என்னும் பிரிவில் அடங்கும். அத்தகைய பாஸ்போர்ட் உடையவர் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற்றாக வேண்டும். பெண்ணாயிருந்தால் முப்பது வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். அயலார் வீட்டின் மூடிய கதவுக்குள் இளம்பெண்கள் பட்ட துன்பங்களே இந்த வரம்புக்குக் காரணமாயின.

நான் மறுத்துவிட்டேன். “பொய்யை எழுத என் கை வராது, வேறு இடம் பாருங்கள்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்றிரவு நெஞ்சில் ஒரு நிறைவோடு உறங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாயின் கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. யாருக்கு நஷ்டம்? களவில்லை, கொலையில்லை. பசியின் நிர்ப்பந்தம் இருக்கின்றது. ஆணுக்கு இல்லாத வயது வரம்பு பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வியே. இளைஞர் ஒருவர் என்னிடம் வேடிக்கையாக ஒரு வாதமும் செய்தார். ஹஜ்ஜுக்குச் சென்ற பாபா புதன் என்னும் பெரியார், வெளியே கொண்டுபோகத் தடையிருந்த காப்பி விதைகளில் ஏழினை யமனிலிருந்து மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழி வரும் கதை. “அந்த விதை எந்தப் பாஸ்போர்ட்டில் வந்தது? அதனால் நாடே பயனடையவில்லையா?” என்பது அவர் கேள்வி.

விதைக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விதை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மண்ணும் மழையும் இருந்தால் முளைத்துவிடும். மனிதனோ போன இடத்தில் பேசியாக வேண்டும். கூலி தரப்படாதபோது கேட்க வேண்டும். அடிக்கப்பட்டால் முறையிட வேண்டும். நோயுற்றால் தான் இன்னார் என்று சொல்ல வேண்டும். அப்போது அவன் கையிலுள்ள ஒரே சாட்சி அந்தத் தாள்தான். அதைப் பொய்யாக்கியவன் தன் சாட்சியைத் தானே கெடுத்துக்கொள்கிறான். அன்று முதல் அவன் எந்த அலுவலகத்தின் படியிலும் அச்சமின்றி ஏற முடியாது.

சட்டமும் அவனைத்தான் முதலில் பிடிக்கும். 1967 ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, தெரிந்தே பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் பெறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. சொல்லிக் கொடுத்த தரகரின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இராது. கையொப்பமோ பெருவிரல் ரேகையோ ஏழையினுடையதாகவே இருக்கும். அதே சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பாஸ்போர்ட் எக்காலத்தும் மத்திய அரசின் சொத்து என்கின்றது. அப்படியாயின் அது நம் கையில் தரப்பட்ட அமானிதமே அல்லவா? அதைப் பறித்து வைத்துக்கொள்ள அயல்நாட்டு முதலாளிக்கு எவ்வாறு உரிமையில்லையோ, அவ்வாறே அதில் பொய்யை எழுதிக்கொள்ள நமக்கும் உரிமையில்லை.

வயதில் மட்டுமன்று, நோக்கத்தைச் சொல்வதிலும் இப்பொய் நுழைகின்றது. வேலைக்குச் செல்பவரைச் சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புவது இன்று பெருவழக்காகிவிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் சிலர், 2022 ஆம் ஆண்டில் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி வருந்தியதை நாடறியும். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று எழுதிக் கொடுத்தவன், கூலி தரவில்லை என்று எந்த நாட்டு நீதிமன்றத்தில் வாதிடுவான்?

இங்கே ஒரு கேள்வி எழும்: தாள் கேட்கும் அரசு எப்போதும் நீதியோடுதான் கேட்கின்றதா? இல்லை. சேலம் மாவட்டம் உள்ளிட்ட தமிழகப் பகுதிகளிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழியினரை, அந்நாட்டின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் தரப்பட்டன. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். அங்கேயே வாழ்ந்தோம் என்பது உண்மை. அதை மெய்ப்பிக்கும் தாள் பலரிடம் இல்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஆடுமாடுகளைப் போல எண்ணிப் பங்கிட்டது. தாள் என்பது உண்மையன்று, உண்மைக்கு ஒரு சாட்சி மட்டுமே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், தாளில்லாத உண்மைக்கும் தாளில் ஏறிய பொய்க்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. ஹஜ்ஜுக்குச் செல்ல விண்ணப்பித்த முதிய பெண்மணி ஒருவருக்குத் தம் பிறந்த நாள் தெரியாது. “பெரிய மழையிலே பாலம் போன வருஷம், நான் கைக்குழந்தை” என்றார். வீட்டிலிருந்த பழைய தாள்களையும் தம்பியின் வயதையும் ஒப்பிட்டு ஒரு தேதிக்கு வந்தோம். அது துல்லியமாயிராது, ஆயினும் பொய்யன்று. அறியாததை அறிந்த அளவில் சொல்வது வேறு. அறிந்ததை மறைத்து ஆதாயத்துக்காக மாற்றுவது வேறு. முன்னதில் மனம் உண்மையை நோக்கி நடக்கின்றது. பின்னதில் உண்மைக்கு முதுகு காட்டுகின்றது.

பத்து மாதங்களுக்குப் பின் அந்தத் தாய் மீண்டும் வந்தாள். நான் எழுத மறுத்ததை வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்தார். மகள் போய்விட்டாள். பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் எடுத்து வைத்துக்கொண்டார். நான்கு மாதமாகக் கூலியில்லை. வெளியே போகவும் அனுமதியில்லை. இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். பெயர், முகவரி எல்லாம் எழுதிய பின் என் பேனா நின்றது. தாய் என் முகத்தைப் பார்த்தாள்.

“பாய், எந்த வயசைப் போடுவீங்க?”

எந்தப் பொய்யை எழுத மாட்டேன் என்று கதவைச் சாத்தினேனோ, அதே பொய்யின் துணையின்றி அவளை இன்னாளென்று அடையாளம் காட்ட எனக்கு வழியில்லை. “பாஸ்போர்ட்டில் கண்டுள்ளபடி வயது” என்று எழுதி, பக்கத்தில் அந்த எண்ணைக் குறித்தேன். இறைவன் கிருபையால் சில மாதங்களில் அவள் ஊர் திரும்பினாள், தாளில் ஏழு வயது மூத்தவளாக.

அன்றுதான் என் பழைய நிறைவு கலைந்தது. திருமறையின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282 ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அங்கே எழுதுபவனுக்கு இரண்டு கடமைகள் கற்பிக்கப்படுகின்றன: நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கவும் கூடாது. நான் முதற் கடமையைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டேன். பொய் எழுத மறுத்தது சரியே. ஆனால் மெய்யை எழுதிப் போகும் வழி எது என்று ஒரு வார்த்தை சொன்னேனா? அத்தகைய பாஸ்போர்ட்டோடு வேலைக்குச் செல்லும் பெண்களை அனுப்பும் பொறுப்பு அரசு நிறுவனங்களுக்குரியது என்பதையும், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருவதையும் சொன்னேனா? பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறியிருந்தால் அந்த அனுமதியே அவளுக்குத் தேவைப்பட்டிராது. கற்பிக்க ஆசிரியன் ஒருவன் இருந்தான். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆகவே, அயல்நாட்டுப் பயணத்துக்கான ஆயத்தம் தரகர் வந்து கதவைத் தட்டும் நாளில் தொடங்குவதன்று. குழந்தை பிறந்த நாளில் தொடங்குவது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் பெறப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்குரிய ஒரே ஆதாரம் என்றும் விதி செய்யப்பட்டிருக்கின்றது. நம் வீடுகளில் ஒரே பிள்ளை பள்ளியில் முகமது, குடும்ப அட்டையில் முஹம்மது, ஆதாரில் மொகமது என்று மூன்று ஆளாக வாழ்கின்றது. பெயரைச் சூட்டும் நாளிலேயே அதன் எழுத்தையும் முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுவது பெற்றோரின் கடமை. ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட பாஸ்போர்ட்டுடன் வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்படுத்தியபோது பலர் திகைத்து நின்றதை மறந்துவிட வேண்டாம். ஜமாஅத்துகளும், நிக்காஹ் பதிவேட்டைக் காப்பதுபோல, மஹல்லாவில் எழுதத் தெரிந்த நால்வரை இப்பணிக்கென அமர்த்துவது நன்று.

எழுதத் தெரிந்தவன், எழுதத் தெரியாதவனின் விதியில் ஒரு வரியை எழுதுகிறான். அந்த வரி மெய்யாயிருக்க வேண்டும். அதோடு, மெய்யை எழுதும் வழி தேடி வந்தவனுக்குக் கதவும் திறந்திருக்க வேண்டும்.