வெட்கமும் வைத்தியமும்

வெட்கம் ஈமானைச் சேர்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். எனவேதான் அவ்ரத்தை மறைப்பதும், அதைப் பற்றிய பேச்சில் அடக்கம் பேணுவதும் நம் வீடுகளில் சிறு வயதிலேயே பிள்ளைகளுக்கு ஊட்டப்படுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் மறைக்க வேண்டிய அந்த உறுப்பிலேயே நோய் கண்டுவிட்டால், நோயையும் சேர்த்து மறைப்பதுதான் வெட்கமா? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

அலீ (ரலி) அவர்களுக்கு மதீ என்னும் கசிவு அதிகமாக ஏற்பட்டு வந்தது. அதன் சட்டம் தெரிய வேண்டும். நாயகத்தின் அருமை மகளாரை மணந்திருந்ததால் நேரில் கேட்க வெட்கம் தடுத்தது. அதற்காகக் கேள்வியையே அவர்கள் விட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கொண்டு கேட்கச் செய்து தெளிவு பெற்றார்கள். புகாரீ, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் பதிவான செய்தி இது. எப்படிச் சொல்வது என்பதை வெட்கம் தீர்மானிக்கலாம். சொல்வதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதற்கு இல்லை.

ஆண்களின் விரைகளில் வரும் நோய்களைப் பார்த்தால் இதன் அருமை புரியும். விரை தன்னைத் தாங்கும் கொடியோடு சில சமயம் முறுக்கிக்கொள்ளும். உடனே இரத்த ஓட்டம் தடைப்படும். 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இது அதிகம். மற்ற வயதினருக்கும் வரலாம். திடீரென்று கடும் வலி, குமட்டல், வாந்தி, ஒரு பக்க விரை மேலேறி நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் உறுப்பு பிழைக்கும். 24 மணி நேரம் கடந்துவிட்டால் அநேகமாக அதை அகற்றவே நேரிடும். இந்த வலி அடிவயிற்றிலும் தெரியும். வெட்கப்படும் பையன் உம்மாவிடம், "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வான். உம்மாவும் ஓமத் தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று படுக்க வைப்பார். விடிவதற்குள் காலம் கடந்துவிடும்.

இதற்கு நேர்மாறானது புற்றுநோய். இங்கே பெரும்பாலும் வலியே இருக்காது. விரையில் சிறு கட்டி தட்டுப்படும், அல்லது விரை கெட்டிப்பட்டுக் கனக்கும். இது முதியவர்களைவிட வாலிபர்களுக்கே அதிகம் வருகிறது. தொடக்கத்திலேயே காட்டினால் ஏறக்குறைய எல்லோரும் குணமடைகிறார்கள். ஒரு விரையை அகற்ற நேர்ந்தாலும், மற்றது நலமாக இருந்தால் இல்லறத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பொதுவாக அதுவே போதும். குளிக்கும்போது கைக்குப் புதிதாக ஏதும் தட்டுப்பட்டால், "வலிக்கவில்லையே" என்று இருந்துவிடக் கூடாது.

நீர் கோத்து வீங்குவதும், குடலிறக்கமும் நம் பகுதிகளில் அதிகம் காணப்படுபவை. நீர் வீக்கம் யானைக்கால் கிருமியாலும் வரும். இன்னதென்று டாக்டர்தான் சொல்ல முடியும். கைலி வீக்கத்தை மறைக்கும், நோயை நிறுத்தாது. குடலிறக்க வீக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் கண்டால், அதுவும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை.

ஆண் குழந்தைக்கு இரு விரைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று பெற்றோர் கவனிக்க வேண்டும். 6 மாதமாகியும் இறங்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தேவையானால் ஒன்று, ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்வார்கள். சுன்னத் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளினால், பிற்காலத்தில் மலட்டுத்தன்மைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள அபாயம் கூடும்.

"அவ்ரத்தைப் பிறர் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். நிர்ப்பந்தம், தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நம் இமாம்களின் சட்டம். சிகிச்சைக்குத் தேவையான இடத்தை, தேவையான அளவுக்கு டாக்டர் பார்க்கலாம். ஆணுக்கு ஆண் டாக்டர் கிடைத்தால் நல்லது. உயிரோ உறுப்போ போகும் அவசரத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. "பொறுமை சிறந்ததல்லவா?" என்பாரும் உண்டு. மருந்து செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நாயகம் (ஸல்) அவர்களே. மருந்து செய்துகொண்டே பொறுமையாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

மகன் பாலிகாகும்போது குளிப்பின் சட்டங்களைச் சொல்லிக் கொடுப்பது வாப்பாவின் கடமை. அப்போதே, "இந்த இடத்தில் வலியோ வீக்கமோ கண்டால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு" என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லட்டும். வாப்பாவிடம் சொல்லக் கூசும் பிள்ளைக்கு காக்காவோ, மாமாவோ, ஓதிக் கொடுக்கும் உஸ்தாதோ துணை நிற்கட்டும். வீட்டுக்கு ஒரு மிக்தாத் வேண்டும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் அறிவையும், உண்மையான வெட்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.