வாசலுக்கு வெளியே நில்லுங்கள்!



"ஐயா, நம்பிக் கடன் கொடுத்தேன். கம்பெனி திவாலாப் போச்சு. என் பணம் போனது போனதுதானா?" என்று கண்ணீரோடு ஜெபிக்க வருகிறவர்கள் நம் நடுவில் உண்டு. மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணமாயிருக்கும். ராத்திரி தூக்கம் வராது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடலாமா என்று மனசு கொதிக்கும்.

வேதம் என்ன சொல்லுது? உபாகமம் 24-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போனால் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்பது கட்டளை. கவனியுங்கள்! பணத்தை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கேள்; ஆனால் வாசலைத் தாண்டாதே!

நம் தேசத்தின் 2016-ம் வருஷத்துத் திவால் சட்டமும் ஒரு வாசலை வைத்திருக்கிறது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றுக்கொண்டால், அந்தக் கம்பெனி மேல் தனியாக வழக்குப் போடமுடியாது. ஆனால் உரிமை கோரச் சொல்லி இங்கிலீஷ் பேப்பரிலும் அந்தப் பகுதி மொழிப் பேப்பரிலும் அறிவிப்பு வரும். கடன் கொடுத்தவர்களுக்கு 'சி' படிவம். சரக்கு கொடுத்துப் பணம் வராதவர்களுக்கு 'பி' படிவம். புரோநோட்டு, பாங்கு ஸ்டேட்மெண்ட் எல்லாம் சேர்த்து, அறிவிப்பில் போட்டிருக்கிற கடைசித் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். யாராவது தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வழியும் திறந்திருக்கிறது. இதை உச்சநீதிமன்றம் 2021-ல் உறுதிப்படுத்தியது.

"படிவம் போடுவது அவிசுவாசம் இல்லையா பாஸ்டர்?" இல்லவே இல்லை! லூக்கா 18-ல் விதவை நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாளே!

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். கம்பெனியைக் கலைத்து விற்றால், முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்து தொழிலாளிகளின் 24 மாதச் சம்பளப் பாக்கியும் சொத்து ஈடு வாங்கிய கடன்காரரும். பிறகு மற்ற ஊழியர்கள். அதற்கப்புறம்தான் ஈடு வாங்காமல் கடன் கொடுத்தவர். முழுப்பணமும் வராமல் போகலாம். அதற்காக முறுமுறுக்காதிருங்கள். கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே கொடு என்று சொல்லுவதும் அதே 24-ம் அதிகாரம்தான்!

தேவபிள்ளையே, படிவத்தை நேரத்தோடு கொடு. கசப்பைக் கர்த்தருடைய பாதத்தில் வை. அவன் பிள்ளைகளுக்காகவும் ஜெபம்பண்ணு. பணம் குறைந்து வந்தாலும் உன் சமாதானம் குறையாதிருக்கும். ஆமென்! அல்லேலூயா!