கீசகனுக்கு ஓர் இனிய பதம்

கொடியவனுக்கு அழகு சேர்ப்பது அறமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு ஜப்பானியச் சித்திரக்கதை. கோயோஹாரு கோடோகே 2016 முதல் 2020 வரை எழுதி வரைந்த 'டீமன் ஸ்லேயர்' அது. மனிதரைத் தின்ற அரக்கர் தலை அறுபட்டு மடியும் வேளையில், அவர்கள் மனிதராய் வாழ்ந்த நாட்களை ஆசிரியர் காட்டுகிறார். தன் குருவின் மாணவரைக் கொன்ற அரக்கனின் கையையே நாயகன் தான்ஜிரோ பரிவோடு பற்றிக்கொள்கிறான். வாள் தன் கடமையை முடித்த பின்னரே அங்கே இரக்கம் வருகிறது.

நம் திருவனந்தபுரத்து அரசவைக் கவிஞர் இரயிம்மன் தம்பி (1782–1856) துணிந்தது வேறு. அவருடைய 'கீசகவதம்' ஆட்டக்கதையில் கீசகன் கத்தி வேடம்: நாயகர்க்குரிய பச்சை முகம், அதில் செங்கோலம், மூக்கு நுனியில் வெண்குமிழ். மாலினி என்ற பெயரில் பணிப்பெண்ணாக மறைந்து வாழும் திரௌபதியை வற்புறுத்தும் அவனுக்கே தேனனைய பதம்! அதை முணுமுணுத்தபடி நானும் வீடு திரும்பியதுண்டு. மாலினியின் கண்ணீர் வழியில் எங்கோ நின்றுவிட்டது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஆயினும் தம்பியைக் குறை கூற மனம் வரவில்லை. இருண்ட நாட்டியசாலையில் பீமன் கீசகனை நெரிக்கும்போது, சற்று முன்னர் அவன் பாட்டுக்குத் தலையசைத்தவர் நாம்தாமே!