செத்த கையும் உயிருள்ள கையும்

கோயிலில் பூஜைக்கும் விளக்குக்கும் பணமோ நிலமோ எழுதி வைப்பதற்கு ‘கட்டளை’ என்று பெயர். சரியான பெயர்தான். தர்மம் செய்கிறவர் கொடுப்பதோடு நிற்பதில்லை, உத்தரவும் போடுகிறார். இன்ன நாள், இன்ன பூஜை, இத்தனை படி அரிசி!

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாது, கிழடு தட்டாது. அதெப்படி? செத்த ஆட்டுக்குப் பதிலாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். நெய் மட்டும் விளக்குக்கு. என்னைப்போல பி.காம். படித்தவர்களுக்கு இது உடனே புரியும். அசலைத் தொடாதே, வருமானத்தைச் செலவழி. இன்றைக்குப் பெரிய ஃபவுண்டேஷன்கள் பலவும் நடப்பது இதே கணக்கில்தான். ஆட்டுக்குப் பதில் ஷேர், பாண்டு.

ஆடு சாகாமல் இருக்கட்டும். உத்தரவும் சாகாமல் இருக்கலாமா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851-ல் இறந்தார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, அந்த ஊர் வழியாக மேற்கே குடியேறப் போகும் ஏழைகளுக்கு உதவ எழுதி வைத்திருந்தார். நல்ல மனசு. ஆனால் ரயில் வந்தது, காலம் மாறியது, அப்படிப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பணம் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. அதே ஊரில் வேறு ஏழைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க உயிலில் இடமில்லை.

இந்த வியாதிக்கு அங்கே ‘செத்த கை’ என்று பெயர். இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் கிளீவ்லேண்டில் டிரஸ்ட் கம்பெனி நடத்திய ஃபிரெடரிக் காஃப். 1914-ல் கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷனை ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் பலருடைய பணமும் ஒரே இடத்தில் சேரும். முதலீட்டை வங்கி பார்த்துக்கொள்ளும். வருமானத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு கமிட்டி முடிவு செய்யும். கமிட்டியில் பாதிக்கு மேற்பட்டவர்களை மேயரும் நீதிபதிகளும் நியமிப்பார்கள். கொடுத்தவர் தன் விருப்பத்தைச் சொல்லலாம். அது காலாவதியாகிவிட்டால் கமிட்டி மாற்றலாம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கையில் பெரிதாகப் பணம் சேர்வதற்கு முன்பே பள்ளிக்கூடம், கோர்ட், போலீஸ் என்று ஊரின் நிலைமையை சர்வே எடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் கேட்டார்கள்.

‘அப்படியானால் யார் வேண்டுமானாலும் உயிலை மாற்றிவிடலாமா? காலம் மாறிப்போச்சு என்று டிரஸ்டி கார் வாங்கினால்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான பயம். சொன்ன சொல் நிற்காது என்றால் நாளைக்கு எவன் கொடுப்பான்? அதனால்தான் மாற்றுகிறவர் அதில் லாபம் அடைகிறவராக இருக்கக் கூடாது. நாலு பேர் பார்க்க மாற்ற வேண்டும்.

நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தார். பெரும் பணத்தைக் கோயில் தர்மங்களுக்கு எழுதி வைத்திருந்தார். வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. வட்டி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கோர்ட் ஒரு வழி செய்தது. கோயில் தர்மம் நடக்கட்டும், மிச்சம் படிப்புக்குப் போகட்டும். 1842-ல் பள்ளிக்கூடம் வந்தது, பின்னால் கல்லூரி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணாதுரை என்ற நெசவாளர் வீட்டுப் பையன் எம்.ஏ. வரை படித்தது அங்கேதான். பச்சையப்பரின் விளக்கு அணையவில்லை, கூடவே இன்னொன்று எரிந்தது.

செத்த கையாவது பரவாயில்லை, கோர்ட்டுக்குப் போகலாம். உயிருள்ள கையை என்ன செய்வது? 2014 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தை சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை. நல்ல சட்டம். ஆனால் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். கம்ப்யூட்டர் கிடைக்கும், அதில் கம்பெனி பெயரை ஒட்டலாம். கரன்ட் பில்லுக்குக் கிடைக்காது. சொல்லித் தரும் டீச்சர் சம்பளம் ‘நிர்வாகச் செலவு’ ஆகிவிடும். ஒரு வருஷ புராஜெக்ட், ரிப்போர்ட், போட்டோ. அடுத்த வருஷம் வேறு தலைப்பு. பிள்ளைகள் மட்டும் அதே பிள்ளைகள்.

கம்பெனியை மட்டும் சொல்வானேன்? குழந்தையின் பிறந்த நாளுக்கு இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுகிறோமே, நாமும் ஒரு குட்டி ஃபவுண்டேஷன்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பிறந்த நாள் ஒன்றாக வரும், இரண்டு கேக், இரண்டு பிரியாணி. செவ்வாய்க்கிழமை ராத்திரி காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் பிறந்த நாள் வருவதில்லை.

கொடுப்பது நம் பணம். எதற்கு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் பசி யாருடையதோ, அவருக்கும் அதில் ஒரு வார்த்தை பாத்தியதை உண்டு. அடுத்த முறை இல்லத்துக்கு போன் செய்யும்போது, ‘எந்தத் தேதி காலியாக இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த மாசம் எது துண்டு விழுகிறது?’ என்று கேளுங்கள். அரிசி என்பார்கள், இல்லையென்றால் வாடகை பாக்கி என்பார்கள். வாடகை என்றால் வாடகையே கொடுங்கள். போட்டோ எடுக்க முடியாது. பரவாயில்லை.